மிருசுவில் எண்ட பேரையும் எழுதுங்கோ: வெளிநாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒட்டாவா, லண்டன், வாசிங்டன், பிரசல்ஸ், சென்னை எண்டு எங்க எங்க இருந்து எங்கட பேரில இலங்கை அரசாங்கத்தைக் கண்டிச்சுத் தீர்மானம் போடுறியளோ, அந்தந்தச் சபை உறுப்பினர்களுக்கு,

நான் சாவகச்சேரியில ஒரு சின்ன போட்டோகொப்பிக் கடை வச்சிருக்கிறன். இதைத் தமிழிலதான் எழுதுறன். உங்கட தொகுதியளில எங்கட பிள்ளையள் கனபேர் இருக்கினம், அவையள் உங்களுக்கு வாசிச்சுக் காட்டட்டும். நான் எழுதுறது அவையளுக்கும் விளங்கோணும்.

இந்த மே மாசம் ஒரு ஐயா கடைக்கு வந்தவர். வெளிநாட்டில இருக்கிற மகள் வாட்ஸ்அப்பில அனுப்பின ஒரு தீர்மானம், ரெண்டு பக்கம், அதை ரெண்டு கொப்பி எடுத்துத் தா பிள்ளை எண்டார். எடுத்துக் குடுத்தன். பழைய காலத்து கிளாக்கர், இங்கிலீஸ் நல்லா வாசிப்பார், ஸ்டூலை இழுத்துப் போட்டு கண்ணாடியைப் போட்டு விரலை ஒவ்வொரு வரியிலையும் வச்சு வச்சு வாசிச்சார், முன்பக்கம் முடிச்சு பின்பக்கம் திருப்பி அதையும் வாசிச்சு முடிச்சுப்போட்டு, “மிருசுவில் இல்லையே பிள்ளை” எண்டார். வேற ஒண்டும் சொல்லேல்ல. காசைத் தந்துபோட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போட்டார். அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை இல்ல. அதாலதான் இந்தக் கடிதம்.

மிருசுவில் எங்கட தென்மராட்சியில ஒரு ஊர். அங்க நடந்தது உங்களில கனபேருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதால முதல் அதைச் சொல்லுறன். 2000ஆம் ஆண்டு தென்மராட்சி முழுக்க சண்டை. நாங்கள் எல்லாம் வடமராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து போய் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையளிலையும் பள்ளிக்கூடங்களிலையும் கிடந்தம். எனக்கு அப்ப 15 வயசு. சண்டை கொஞ்சம் தணிஞ்ச பிறகு சனம் மெல்ல மெல்ல தங்கட வீட்டைப் பாக்கவெண்டு போய் வரத் தொடங்கினது. ஏன் போனதெண்டு கேக்காதேங்கோ. வீடு நிக்குதோ, கிணறு நல்லா இருக்கோ, விறகு பொறுக்கலாமோ, நாலு தேங்காய் கிடைக்குமோ எண்டுதான். அகதியா இருக்கிற இடத்தில விறகுக்கும் காசு.

நாங்களும் போனனாங்கள். அப்பாவும் நானும், ஒரு சைக்கிள், கப்பூது வெளியால கொடிகாமம் றோட்டைப் பிடிச்சு, காத்துக்கு எதிரா உழக்கேலாமல் பாதித் தூரம் இறங்கி நடந்து போனம். எங்கட வீட்டுக்கு ஓடு இல்ல. வாசல் கதவும் இல்ல, நிலை மட்டும் நிக்குது. அப்பா இடம்பெயர்ந்த நாளில இருந்து மடியில முடிஞ்சு வச்சிருந்த திறப்பை வெளியில எடுத்துப்போட்டார், எடுத்துப்போட்டு அந்த நிலைக்கு முன்னால அப்பிடியே நிண்டார். நான் ஒண்டும் கதைக்கேல்ல. பேந்து ரெண்டுபேரும் பன்னாடையும் மட்டையும் பொறுக்கிக் கட்டினம், விழுந்து கிடந்த தேங்காய் 14. வரேக்க மறிச்ச ஆமிக்காரன் ஒருத்தன் சாக்கை அவிட்டு தேங்காயை எண்ணிப் பாத்துப்போட்டு போகச் சொன்னவன்.

அது டிசம்பர் மாசம். அதுக்குச் சரியா ஒரு கிழமை கழிச்சு, டிசம்பர் 19ஆம் தேதி, எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வடமராட்சியில இருந்த சனம் மிருசுவிலுக்குத் தங்கட வீடு காணி பாக்கப் போனவை. எங்களைப் போலவேதான். அவையளை ஆமிக்காரர் பிடிச்சு, கண்ணைக் கட்டி, கழுத்தை வெட்டி மலசலகூடக் குழியுக்குள்ள போட்டவை. 8 பேர். அதில ஒரு பிள்ளைக்கு 5 வயசு. ஒரே ஒருத்தர் தப்பி ஓடி வந்து சொன்னதாலதான் குழியைத் தோண்டினது, அவர் வராட்டில் அந்த 8 பேரும் இண்டைக்கும் காணாமல் போனவையின்ர பட்டியலில ஒரு மூலையில இருந்திருப்பினம். எங்களை மறிச்சவன் விட்டவன், அவையளை மறிச்சவன் விடேல்ல. எனக்கும் அந்தப் பிள்ளையளுக்கும் வேற வித்தியாசம் ஒண்டும் இல்ல. 25 வருசமா நான் இதை நினைக்காத டிசம்பர் இல்ல.

இலங்கையில தமிழருக்கு நடந்த எத்தினையோ கொலையளில இது ஒரு விசயத்தில தனி. இது வழக்காகி, வழக்கு நடந்து, தீர்ப்பும் வந்தது. 5 ஆமிக்காரருக்கு எதிரா ட்ரயல் அட் பார், அதாவது மூண்டு நீதிபதிமார் சேர்ந்து விசாரிக்கிற கோட், வச்சு வருசக்கணக்கா இழுபட்டு 2015 ஜூன் 25ஆம் தேதி 4 பேரை விட்டு ஒருத்தருக்கு, சுனில் ரத்நாயக்க எண்ட சார்ஜனுக்கு, மரண தண்டனை தீர்த்தவை. சாட்சி சொன்ன சனம் யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்குப் போய் சிங்களத்தில நடக்கிற கோட்டில நிண்டு சொன்னது, அந்தக் காலத்தில அப்பிடிப் போறதே எவ்வளவு பயம் எண்டு இஞ்ச இருந்தவைக்குத்தான் தெரியும். தண்டனை கிடைச்ச ரத்நாயக்க மேன்முறையீடு செய்தார். 2019ல உச்சநீதிமன்றமும் தீர்ப்புச் சரி எண்டு உறுதிப்படுத்தினது. தூக்கில போடச் சொல்லி நாங்கள் ஆரும் கேக்கேல்ல, 1976க்குப் பிறகு இந்த நாட்டில ஆரையும் தூக்கில போட்டதும் இல்ல. உள்ள இருக்கட்டும் எண்டதுதான் எங்கட நீதி. அவ்வளவுதான் கேட்டம்.

2020 மார்ச் 26ஆம் தேதி அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபய ராஜபக்ச ரத்நாயக்கவுக்குப் பொதுமன்னிப்புக் குடுத்து வெளியில விட்டார். கொரோனா ஊரடங்கு, நாடே பூட்டிக் கிடக்கு, யாழ்ப்பாணத்தில ஒரு சனம் படலையைத் திறந்து றோட்டுக்கு வரேலாது. நாடாளுமன்றத்தை அந்த மாசத் தொடக்கத்திலையே கலைச்சாச்சு, எழும்பி நிண்டு ஏன் எண்டு கேக்க ஒரு உறுப்பினரும் இல்ல. அதுக்குச் சரியா ஒரு மாசத்துக்கு முந்தி, பெப்ரவரி 26ஆம் தேதி, ஜெனீவாவில, ஐநா மனித உரிமைச் சபையில 2015ல தாங்களும் சேர்ந்து கொண்டுவந்த, போர்க்குற்றத்துக்குப் பொறுப்புக்கூறச் சொன்ன 30/1 தீர்மானத்தில இருந்து விலகிறம் எண்டு இலங்கை அறிவிச்சது. ரெண்டுக்கும் தொடர்பு இல்லை எண்டு ஆரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஒரு விடுதலையை எப்பிடிக் கண்டிக்கிறது எண்டதுக்கு ஒரு உதாரணம் சொல்லுறன், லாக்கர்பி. சட்டம் படிக்கிற ஒரு பெடியன் அசைன்மென்ட் ஒண்டை என்னட்ட டைப் பண்ணத் தந்தவன், அதை அடிக்கேக்கதான் அந்தக் கதை எனக்கு முழுசாத் தெரிய வந்தது. 1988 டிசம்பர் 21, பான் ஆம் 103 விமானம் ஸ்கொட்லாந்தில லாக்கர்பி எண்ட ஊருக்கு மேல குண்டு வெடிச்சு விழுந்து 270 பேர் செத்தவை. அதில 11 பேர் கீழ வீட்டில இருந்த சனம். அதுவும் டிசம்பர், நத்தாருக்கு வீட்ட போய்க்கொண்டிருந்த சனம். அந்த வழக்கில 2001ல தண்டனை பெற்ற லிபியாக்காரர் மெக்ராகியை, கான்சர், இன்னும் 3 மாசம்தான் எண்டு சொல்லி 2009 ஓகஸ்ட் 20ஆம் தேதி ஸ்கொட்லாந்து அரசாங்கம் இரக்கத்தின்ர பேரில விட்டது. அவர் 2012 மே மட்டும் இருந்தவர். அவரை விட்டதும் என்ன நடந்தது? அமெரிக்க செனட் அந்த விடுதலையைக் கண்டிச்சது, லிபியாவில குடுத்த வரவேற்புக்கு லிபிய அரசாங்கம் மன்னிப்புக் கேக்கோணும் எண்டு தீர்மானம் போட்டது. ஸ்கொட்லாந்து நாடாளுமன்றமே செப்டம்பர் 2ஆம் தேதி கூடி தங்கட சொந்த அரசாங்கம் செய்தது பிழை எண்டு வாக்களிச்சது. நான் டைப் பண்ணுறதை நிப்பாட்டிப்போட்டு அந்தப் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிச்சன்.

அதில நான் கவனிச்சது, அந்தத் தீர்மானம் ஒரு ஆளைப் பற்றினது. ஒரு வழக்கு, ஒரு விடுதலை, ஒரு தேதி. ஆரை விட்டது, ஆர் விட்டது, எந்தக் காரணத்தைச் சொல்லி விட்டது எண்டு எல்லாம் பேரோட கேட்டது. அதால சம்பந்தப்பட்ட அரசாங்கங்கள் வாயைத் திறந்து பதில் சொல்லியே ஆகவேண்டி வந்தது.

எங்களுக்கு நீங்கள் போடுறது அப்பிடி இல்ல. குறையாச் சொல்லேல்ல, தயவுசெய்து அப்பிடி எடுக்காதேங்கோ. 2013 மார்ச் 27 தமிழ்நாடு சட்டமன்றத்தில இனப்படுகொலைக்கு சர்வதேச விசாரணையும் பொதுவாக்கெடுப்பும் வேணும் எண்டு தீர்மானம் வரேக்க எங்கட வீட்டில ரேடியோவைச் சுத்தி நிண்டு கேட்டனாங்கள். 2015 பெப்ரவரி 10 எங்கட வடமாகாண சபையே இனப்படுகொலைத் தீர்மானம் போட்டது. 2022 மே 18 கனடா நாடாளுமன்றம் ஒருமனதா மே 18ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளா ஏற்கேக்க இந்தக் கடையில நிண்ட ஒரு அம்மா அழுதவ, நானும் அழுதனான். அந்தச் சொல்லை ஒரு பெரிய நாடு சொன்னது எங்களுக்குச் சின்ன விசயம் இல்ல. ஆனா கொழும்பு என்ன செய்தது? ஏற்கமாட்டம் எண்டு ஒரு அறிக்கை விட்டுது, முடிஞ்சுது. பெரிய சொல்லுக்குப் பெரிய மறுப்பு. அதோட அடுத்த மே வரும். பேர் இல்லாத தீர்மானத்துக்கு ஒரு அரசாங்கம் பதில் சொல்லத் தேவையில்ல. மிருசுவிலுக்கு அப்பிடி மறுக்கேலாது, ஏன் எண்டால் அந்தத் தீர்ப்பை எழுதினது ஜெனீவாவோ கனடாவோ புலம்பெயர்ந்த தமிழரோ இல்ல, அவையின்ர சொந்த நீதிமன்றம், அவையின்ர உச்சநீதிமன்றம். அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கொண்டு பொய் எண்டு சொல்ல ஒரு வெளிவிவகார அமைச்சராலயும் ஏலாது.

அமெரிக்க அரசாங்கம் 2021 டிசம்பரில அந்தச் சார்ஜனுக்குப் பயணத்தடை போட்டது, கனடா 2023 ஜனவரியில ராஜபக்ச சகோதரரோட சேர்த்து அவரின்ர பேரையும் தடைப்பட்டியலில போட்டது, தெரியும், நன்றியோட சொல்லுறன். ஆனா அது அரசாங்கம் போட்ட தடை, சபை கேட்ட கேள்வி இல்ல. அவர் ரொறொன்ரோவுக்கு வரப்போறார் எண்டு எங்களுக்குப் பயம் இல்ல. ஏன் விட்டது எண்டு விட்டவையிட்டக் கேட்டுத் தாங்கோ எண்டுதான் கேக்கிறம்.

பேர் சொல்லிப் போட்டால் வேலை செய்யும் எண்டதுக்கு எங்கட கண்ணுக்கு முன்னாலயே சாட்சி இருக்கு. 2021 ஜூன் 10ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றம் இலங்கையின்ர பயங்கரவாதத் தடைச்சட்டத்தைப் பேர் சொல்லி நீக்கச் சொன்னது, இலங்கைச் சாமானுக்கு ஐரோப்பா குடுக்கிற ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிப்பாட்டுறதைப் பற்றியும் அதில சொன்னது. 2022 மார்ச்சில சட்டத்தைத் திருத்தினவை. 18 மாசம் தடுத்து வைக்கலாம் எண்டு இருந்தது 12 மாசமாச்சு. சட்டம் போகேல்ல, 1979ல தற்காலிகம் எண்டு கொண்டுவந்த சட்டம் 43 வருசத்துக்குப் பிறகும் போகேல்ல, பொலிசிட்டக் குடுக்கிற ஒப்புதல் வாக்குமூலத்தை அப்பிடியே சாட்சியா எடுக்கிற பகுதியும் அப்பிடியே கிடந்தது. ஆனாலும் உள்ள இருக்கிற பிள்ளையின்ர தாய்க்கு 6 மாசம் எண்டால் 6 மாசம்தான். அந்தத் தாய்மாரின்ர மனுவளையும் நான்தான் டைப் பண்ணுறன், எனக்குத் தெரியும்.

என்ர கடையைப் பற்றி ஒண்டு சொல்லோணும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் வருவினம், பொலித்தீன் பையுக்குள்ள பைல். 2010ல எல்எல்ஆர்சி எண்ட நல்லிணக்க ஆணைக்குழுவுக்கெண்டு கொப்பி எடுத்தவை, 2013ல பரணகம ஆணைக்குழு எண்டு எடுத்தவை, 2018ல ஓஎம்பி எண்ட காணாமல் போனோர் அலுவலகத்துக்கெண்டு எடுத்தவை, இடையில செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமை ஆணைக்குழு. ஒவ்வொரு முறையும் அதே பிறப்புச் சான்றிதழ், அதே பொலிஸ் என்ட்ரி, அதே போட்டோ. ஒரு அம்மாவிட்ட மகன்ர அசல் போட்டோ இல்ல, அது எந்த ஆணைக்குழுவிலயோ குடுத்துத் திரும்ப வரேல்ல, இப்ப இருக்கிறது கொப்பியின்ர கொப்பி. ஒவ்வொருக்கா எடுக்கேக்கையும் முகம் கறுத்துக்கொண்டு போகுது. போன முறை எடுக்கேக்க கண்ணும் மூக்கும் பிடிபடேல்ல, தலைமயிர்ப் பிரிப்பு மட்டும் ஒரு கோடாத் தெரியுது. பிள்ளை, கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டி எடுக்க ஏலாதோ எண்டு கேட்டவ. கூட்டி எடுத்தன், அந்தக் கோடும் போட்டுது. நான் அந்தக் கொப்பியைக் கிழிச்சுப்போட்டு திரும்பப் பழையபடி எடுத்துக் குடுத்தன்.

ஆயிரம் ஆயிரம் வழக்கில ஒரு பேப்பரும் இல்லாமல் இந்தத் தாய்மார் அலையினம். மிருசுவிலில பேப்பர் எல்லாம் இருந்தது, சாட்சி இருந்தது, தீர்ப்பு இருந்தது, அதையே ஒரு கையெழுத்தில அழிக்கலாம் எண்டால் பேப்பர் இல்லாதவை என்னத்தை நம்பி இனி ஒரு மனுவை எழுதிறது? இதை அவையள் என்னட்ட வாய்விட்டே கேக்கினம். நான் என்ன பதில் சொல்ல?

இன்னும் ஒண்டு, எங்கட ஆக்கள் சிலருக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்லுறன். நீதி எண்டு கேக்கேக்க எல்லாருக்கும் சேர்த்துக் கேளுங்கோ. 1990 ஒக்டோபரில யாழ்ப்பாண முஸ்லிம் சனத்தை ரெண்டு மணித்தியாலத்தில வெளியேறச் சொல்லி புலிகள் துரத்தினவை, சோனகத் தெருவில வீடுகள் எத்தினையோ வருசம் கூரை இல்லாமல் கிடந்ததை நான் பாத்து வளர்ந்தனான். அந்த வருசம் ஓகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசலில தொழுதுகொண்டு நிண்ட சனத்தைச் சுட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில கொழும்பிலையும் நீர்கொழும்பிலையும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலையும் செத்த சனம், சீயோனில செத்ததில கனபேர் சின்னப் பிள்ளையள், தமிழ்ப் பிள்ளையள். இதுகளையும் அதே வாயால கேட்டால்தான் மிருசுவிலைக் கேக்கேக்க உங்கட கேள்விக்குப் பெறுமதி. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் கொழும்பு அதைத்தான் பிடிச்சுக்கொண்டு தப்பும். உதை நாங்கள் பயந்துபோய்ச் சொல்லேல்ல. ஓடு இல்லாத வீட்டுக்கு முன்னால திறப்போட நிக்கிறது எப்பிடி எண்டு தெரிஞ்ச ஆக்கள் நாங்கள், அதாலதான் சொல்லுறன்.

நான் கேக்கிறது இவ்வளவும்தான்.

அடுத்த தீர்மானத்தில 2020 மார்ச் 26 பொதுமன்னிப்பைத் தேதியோட, பேரோட எழுதிக் கண்டியுங்கோ. லாக்கர்பிக்கு எப்பிடி ஒரு விடுதலையைக் கண்டிச்சியளோ அப்பிடி. மிருசுவில் எண்ட ஊர்ப் பேர் அதில இருக்கோணும், 8 எண்ட எண்ணிக்கை இருக்கோணும், 5 வயசு எண்டு இருக்கோணும்.

கண்டிச்சுப்போட்டு விடாமல் ஒரு கேள்வியைக் கேளுங்கோ. இலங்கை அரசியலமைப்பு 34ஆம் உறுப்புரையில, மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்புக் குடுக்க முதல் வழக்கை விசாரிச்ச நீதிபதியிட்ட அறிக்கை எடுக்கோணும், அதைச் சட்டமா அதிபருக்கு அனுப்பி ஆலோசனை எடுக்கோணும், பேந்து நீதி அமைச்சரின்ர சிபாரிசோட ஜனாதிபதிக்குப் போகோணும் எண்டு இருக்கு. அந்த மூண்டு பேப்பரும் எங்க? என்ன எழுதினவை? வெளியில விடச் சொல்லுங்கோ. கொலை வழக்கில தண்டனை பெற்ற ஒரு அரசியல்வாதிக்கு 2021ல குடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில உச்சநீதிமன்றம் செல்லாது எண்டு சொன்னது, அப்ப மன்னிப்பு எண்டு குடுத்தால் அதோட கதை முடிஞ்சுது எண்டு இல்ல. மிருசுவில் மன்னிப்புக்கு எதிராயும் வழக்குப் போட்டவை. அந்த மூண்டு பேப்பரும் வெளியில வந்தால் அந்தச் சனத்துக்கு அது ஒரு பிடி.

இப்ப இருக்கிற அரசாங்கம் அந்த ஆக்கள் இல்லை, புது ஆக்கள் எண்டு சொல்லுது. அப்ப லேசு. கோட்டாபய செய்தது பிழை எண்டு ஸ்கொட்லாந்துக்காரர் சொன்ன மாதிரி தங்கட நாடாளுமன்றத்தில ஒரு தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கோ. அவையின்ர அமைச்சர்மார் வரியைப் பற்றியும் கடனைப் பற்றியும் கதைக்க உங்கட நாட்டுக்கு வருவினம், அந்த மேசையில வச்சு இதைக் கேளுங்கோ.

சாட்சி கேக்கோணும் எண்டால் இஞ்ச இருக்கிற ஆக்களையும் கூப்பிடுங்கோ. அங்க இருக்கிற எங்கட சனம் எங்களுக்காகக் கதைக்குது, நல்லது, ஆனா மிருசுவிலில இண்டைக்கும் இருக்கிற சனத்துக்கும் வாய் இருக்கு. விசா தர ஏலாட்டில் வீடியோவில கேளுங்கோ, தமிழ் மொழிபெயர்ப்பாளரோட.

தீர்மானம் போட்டால் தமிழில ஒரு பிரதி அனுப்புங்கோ. அந்த ஐயாவுக்கு ரெண்டு கொப்பி எடுத்து வைப்பன். மிச்சத்தை மிருசுவிலுக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறன், கடையில இருந்து சைக்கிளில போற தூரம்தான்.

இப்படிக்கு,
சாவகச்சேரியில இருந்து ஒரு போட்டோகொப்பிக் கடைக்காரி